மூளையா, உழைப்பா? பெண்களின் துறைத் தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வரும்போதெல்லாம் மாணவிகளின் தேர்ச்சி விகிதம் மாணவர்களைவிடக் கூடுதல் என்ற செய்தி தவறாமல் வருகிறது. அதே நாளில் பல வீடுகளில் இன்னொரு பேச்சும் நடக்கிறது: “அவ விழுந்து விழுந்து படிச்சு வாங்கிட்டா. இவனுக்கு நல்ல மூளை, உட்கார்ந்து படிக்கத்தான் மாட்டேங்கிறான்.” மகளின் மதிப்பெண் உழைப்புக் கணக்கில் சேர்கிறது, மகனின் மூளைக்கு மதிப்பெண்ணே தேவைப்படுவதில்லை. இந்தப் பிரிவினை பெண்கள் எந்தத் துறைக்குப் போகிறார்கள், எதை விட்டு விலகுகிறார்கள் என்பது வரைக்கும் நீள்கிறது. இதைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது. அதனால் கீழே உள்ள பதில்களில் பலவும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

எந்த நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறோம்?

பெண்களுக்கு அறிவே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்பவர்கள் இன்று குறைவு. பெண்கள் பொறுப்பானவர்கள், ஒழுங்காகப் படிப்பார்கள், நன்றாக வேலை செய்வார்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ‘அபார மூளை’, ‘பிறவி மேதை’ என்ற பேச்சு வந்ததும் மனதில் வரும் முகம் ஆணின் முகம். ஐன்ஸ்டைன், ராமானுஜன், நியூட்டன். அபாரமான அறிவு ஆணுக்கு இயல்பு, பெண்ணுக்கு விதிவிலக்கு என்ற இந்த எண்ணம்தான் இங்கே பேசப்படும் ஸ்டீரியோடைப்.

அதற்கும் துறைத் தேர்வுக்கும் என்ன தொடர்பு?

2015 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது. தத்துவப் பேராசிரியர் சாரா-ஜேன் லெஸ்லியும் உளவியலாளர் ஆன்ட்ரெய் சிம்பியனும் அவர்களுடைய குழுவினரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 30 துறைகளைச் சேர்ந்த 1,820 பேராசிரியர்களிடமும் ஆய்வாளர்களிடமும் ஆய்வு மாணவர்களிடமும் கேள்விகள் கேட்டார்கள். உங்கள் துறையில் முதல் வரிசைக்கு வர, சொல்லிக்கொடுத்து வராத ஒரு தனித்திறமை வேண்டுமா? அல்லது முறையாக உழைத்தால் யாரும் வந்துவிடலாமா?

‘தனித்திறமை வேண்டும்’ என்று ஒரு துறையினர் எவ்வளவு உறுதியாக நம்பினார்களோ, அந்த அளவுக்கு அந்தத் துறையில் முனைவர் பட்டம் பெறும் பெண்களின் பங்கு குறைவாக இருந்தது. கணிதமும் இயற்பியலும் அந்தப் பட்டியலில் இருந்தது யாருக்கும் ஆச்சரியம் தராது. ஆனால் தத்துவமும் இசையமைப்பும்கூட அதில் இருந்தன. இயற்பியலில் அப்போது பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, தத்துவத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றி நின்றார்கள். மூலக்கூறு உயிரியலிலோ பாதிக்கு மேல் பெண்கள், உளவியலில் 70 சதவீதத்துக்கும் மேல். ஆக, ‘பெண்களுக்கு அறிவியல் ஒத்துவராது, கலைப் பாடங்கள் ஒத்துவரும்’ என்ற பழைய விளக்கம் இங்கே நிற்கவில்லை. அறிவியலுக்குள்ளேயே ஒரு பிளவு, கலைப் பாடங்களுக்குள்ளேயே ஒரு பிளவு. இரண்டையும் பிரித்த கோடு, அந்தந்தத் துறை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையோடு ஒத்துப்போனது.

ஒருவேளை அந்தத் துறைகளுக்கு நிஜமாகவே அதிக மூளை வேண்டியிருந்தால்?

நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் இதைக் கேட்டுக்கொண்டார்கள். நீண்ட நேரம் வேலை செய்ய வேண்டியிருப்பதா, சேர்க்கை கடுமையாக இருப்பதா, பகுத்தாராயும் சிந்தனை தேவைப்படுவதா என்று மூன்று மாற்றுக் காரணங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றுமே அவர்களுடைய விளக்கத்தைப் போல எண்களோடு பொருந்தவில்லை. அதே ஆண்டில் வேறு இரண்டு பொருளியலாளர்கள் ‘சயன்ஸ்’ இதழிலேயே மறுப்பு எழுதினார்கள். அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ நுழைவுத்தேர்வின் கணித மதிப்பெண்களைக் கணக்கில் எடுத்தால் இந்த நம்பிக்கையின் பங்கு மறைந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். முதல் குழு அதற்கு விரிவாகப் பதில் சொன்னது. விவாதம் முற்றிலும் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு ஆய்வோடு இந்தத் தொடர்பு நின்றிருந்தால் இந்தப் பக்கத்தை எழுதியிருக்கவும் மாட்டேன். குழந்தைகளிடம் கண்டது அதைவிட வலுவானது.

எந்த வயதில் இந்த எண்ணம் வருகிறது?

ஆறு வயதில். பலரையும் உலுக்கிய கண்டுபிடிப்பு இது.

2017-ல் லின் பியான், லெஸ்லி, சிம்பியன் மூவரும் ஐந்து, ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளிடம் ஒரு கதை சொன்னார்கள். ஒருவர் வேலை செய்யும் இடத்தில் எல்லாரையும்விட ரொம்ப ரொம்பப் புத்திசாலி. அவர் ஆணா பெண்ணா என்று கதையில் எங்கும் இல்லை. பிறகு முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள், இரண்டு பெண்களின் படங்களைக் காட்டி, அந்தப் புத்திசாலி இவர்களில் யார் என்று கேட்டார்கள். ஐந்து வயதில் பையன்கள் பெரும்பாலும் ஆண் படத்தையும், சிறுமிகள் பெரும்பாலும் பெண் படத்தையும் எடுத்தார்கள். தன் பக்கத்தைத் தானே தூக்கிப் பிடிப்பது அந்த வயதுக்கு இயல்புதான். ஆறு, ஏழு வயதுக்கு வந்ததும் பையன்கள் அப்படியே இருந்தார்கள். சிறுமிகள் மட்டும் பெண் படத்தை எடுப்பது கணிசமாகக் குறைந்தது.

அதோடு நிறுத்தவில்லை. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளிடம் புதிதாக இரண்டு விளையாட்டுகளைக் காட்டினார்கள். ஒன்று ‘ரொம்ப ரொம்பப் புத்திசாலிக் குழந்தைகளுக்கு’, மற்றொன்று ‘ரொம்ப ரொம்ப முயற்சி செய்யும் குழந்தைகளுக்கு’. முயற்சி விளையாட்டில் இருபாலாருக்கும் ஒரே அளவு ஆர்வம். புத்திசாலி விளையாட்டில் சிறுமிகளின் ஆர்வம் பையன்களைவிடக் குறைவு. ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இந்த வித்தியாசம் இல்லை. விளையாட்டுகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரியானவை, மாறியது அறிமுகம் மட்டுமே. “இது எனக்கானது இல்லை” என்று ஒரு சிறுமி ஒதுங்க அது போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவின் ஒரு பகுதியில், பெரும்பாலும் நடுத்தர வர்க்கக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு இது. எல்லா ஊருக்கும் இதே வயது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெண் பிள்ளைகள்தானே நல்ல மார்க் வாங்குகிறார்கள்? பிறகு எப்படி இந்த எண்ணம் ஒட்டுகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அதே 2017 ஆய்வில், பள்ளியில் யாருக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும் என்றும் குழந்தைகளிடம் கேட்டார்கள். சிறுமிகள் வளர்ந்த பிறகும் பெண் பிள்ளைகளைத்தான் காட்டினார்கள். அதாவது மார்க் யார் வாங்குகிறார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த மார்க்கை வைத்து ‘அப்படியானால் நாங்கள்தான் புத்திசாலிகள்’ என்ற முடிவுக்கு அவர்கள் வரவில்லை. மதிப்பெண் ஒரு கணக்கில், மூளை இன்னொரு கணக்கில்.

நம் வீடுகளில் இந்த இரண்டு கணக்கையும் தனித்தனியாக எழுதுவது யார்? நாம்தான். பெண் கணக்கில் நூறு வாங்கினால் ‘நல்லா பிராக்டீஸ் பண்ணா’. பையன் நூறு வாங்கினால் ‘கணக்குல புலி’. பெண்ணுக்கு மார்க் குறைந்தால் ‘அவளுக்கு அவ்வளவுதான் வரும்’. பையனுக்குக் குறைந்தால் ‘கவனம் இல்லை’. நான்கு தீர்ப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். பெண்ணின் வெற்றி உழைப்பால் வந்தது, தோல்வி மூளையால் வந்தது. பையனுக்கு அப்படியே தலைகீழ். இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கேட்டு வளர்ந்த பெண், முதல்முறையாகக் கடினமான பாடத்தில் தடுக்கும்போது என்ன நினைப்பாள்? உழைத்தும் வரவில்லை, அப்படியென்றால் என்னிடம் ‘அது’ இல்லை. விலகிவிடுகிறாள்.

பல நாட்டுப் பள்ளி மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வில், 2018-ஆம் ஆண்டு 72 நாடுகளைச் சேர்ந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட 15 வயது மாணவர்கள் தந்த பதில்களை பிரெஞ்சு ஆய்வாளர்கள் க்ளோடில்ட் நாப், தோமா ப்ரெதா இருவரும் அலசினார்கள். தோல்வி வரும்போது ‘எனக்குத் திறமை போதாதோ என்று பயப்படுகிறேன்’ என்ற வரியை ஒப்புக்கொள்வதில், ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் மாணவிகளே முன்னால் இருந்தார்கள். ஒரே மதிப்பெண் வாங்கிய மாணவனையும் மாணவியையும் ஒப்பிட்டாலும் இதே கதைதான். நன்றாகப் படிப்பவர்களிடையே இடைவெளி இன்னும் அதிகம். செல்வ நாடுகளிலும் குறையவில்லை, அங்கேதான் கூடுதல்.

உயர்ந்த நிலையில் ஆண்களே அதிகம் என்பது இயற்கை இல்லையா?

2005-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் ஒரு கூட்டத்தில் கிட்டத்தட்ட இதைத்தான் முன்வைத்தார். சராசரியில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் உச்சியில் ஆண்கள் அதிகம் இருக்கலாம் என்பது வாதம். பெரும் சர்ச்சை எழுந்தது, அடுத்த ஆண்டு வேறு சில பிரச்சினைகளும் சேர்ந்து பதவி விலகினார்.

வாதத்தை எண்களோடு வைத்துப் பார்ப்போம். சராசரியைப் பற்றி: 2008-ல் ஜேனட் ஹைட் குழு அமெரிக்காவின் பத்து மாநிலங்களைச் சேர்ந்த எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களின் கணித மதிப்பெண்களைப் பார்த்தது. சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. உச்சியைப் பற்றி: 1980-களின் தொடக்கத்தில், கல்லூரி நுழைவுத்தேர்வான சாட்டின் கணிதப் பகுதியில் 13 வயதுக்குள் 700-க்கு மேல் எடுத்த அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பெண்ணுக்குச் சுமார் 13 பையன்கள் இருந்தார்கள். இந்த எண் அப்போது பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது ஒன்றுக்கு நான்கு என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. மரபணு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாறாது. பள்ளியும் வீடும் மாறும். மிச்சமிருக்கும் இடைவெளிக்கு என்ன காரணம் என்று இன்றும் வாதாடலாம். ஆனால் ‘இதுதான் இயற்கையின் அளவு’ என்று 1983-ல் சொன்னவர்கள் தவறாகச் சொன்னார்கள் என்பது தெளிவு.

ஆசிரியர்களும் பேராசிரியர்களும் இதில் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், பெண் ஆசிரியர்களும்கூட. 2010-ல் சையன் பைலாக் குழு, ஒன்றாம் இரண்டாம் வகுப்பு ஆசிரியைகள் 17 பேரையும் அவர்களுடைய மாணவர்களையும் ஓராண்டு கவனித்தது. கணக்கு என்றாலே பதற்றப்படும் ஆசிரியையின் வகுப்பில், ஆண்டு முடிவில் ‘பையன்களுக்குக் கணக்கு, பெண்களுக்கு வாசிப்பு’ என்று நம்பும் சிறுமிகள் கூடியிருந்தார்கள். அப்படி நம்பியவர்களின் கணித மதிப்பெண்ணும் குறைந்தது. பையன்களை இது பாதிக்கவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் ‘எனக்குக் கணக்கே வராதும்மா’ என்று மகள் எதிரில் சொல்லும் ஒவ்வொரு தாயும் யோசிக்க வேண்டியது.

பல்கலைக்கழக அளவில் 2012-ல் நடந்த சோதனை இன்னும் நேரடியானது. ஆய்வக மேலாளர் வேலைக்கு ஒரே விண்ணப்பத்தை 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு அனுப்பினார்கள். பாதிப் பேருக்கு ‘ஜான்’ என்ற பெயரில், பாதிப் பேருக்கு ‘ஜெனிஃபர்’ என்ற பெயரில். ஜானுக்குக் கூடுதல் திறமை இருப்பதாகப் பட்டது. சம்பளமாக ஜானுக்கு ஆண்டுக்குச் சுமார் 30,200 டாலரும், ஜெனிஃபருக்குச் சுமார் 26,500 டாலரும் தரலாம் என்றார்கள். மதிப்பிட்டவர் ஆணா பெண்ணா என்பதால் முடிவு மாறவில்லை.

இந்தியாவில் பெண்கள் ஏராளமாக இன்ஜினியரிங் படிக்கிறார்களே? இது அமெரிக்கப் பிரச்சினைதானே?

பாதி சரி. அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டதாரிகளில் பெண்கள் 1984 வாக்கில் 37 சதவீதம் இருந்து, பிறகு 18 சதவீதம் வரை சரிந்தார்கள். இந்தியாவில் அதே கணினிப் படிப்பு பெண்களுக்கு ஏற்ற படிப்பாகப் பார்க்கப்படுகிறது. ஏசி அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை, பாதுகாப்பு, நல்ல சம்பளம். இந்த ஒப்பீடே ஒன்றைச் சொல்கிறது: எந்தத் துறையும் தன்னளவில் ஆண் துறை அல்ல. 1940-களில் அமெரிக்காவின் தொடக்ககால மின்னணுக் கணினியான எனியாக்குக்கு நிரல் எழுதிய முதல் ஆறு பேரும் பெண்கள்தான். அப்போது அது குமாஸ்தா வேலையாகக் கருதப்பட்டது. மதிப்பு ஏறிய பிறகுதான் அது ‘மூளைக்காரர்களின்’ வேலையானது.

மீதிப் பாதியைப் பார்ப்போம். ‘மேதைகளின் இடம்’ என்று நாம் நினைக்கும் ஐஐடிகளில் பெண்கள் பத்து சதவீதத்தைக்கூடத் தொடாமல் இருந்தார்கள். கூடுதல் இடங்கள் உருவாக்கி 2018-ல் 14, 2019-ல் 17, 2020-ல் 20 சதவீதம் என்று படிப்படியாக உயர்த்த வேண்டியிருந்தது. இதை ‘கோட்டாவில் வந்தவள்’ என்று சொல்பவர்கள் இதற்கு முந்தைய கட்டத்தையும் பார்க்கட்டும். ஜேஇஇ பயிற்சிக்குச் சில லட்சம் செலவழிப்பது, பிள்ளையை ராஜஸ்தானின் கோட்டா நகரத்துக்கோ ஹைதராபாதுக்கோ அனுப்புவது என்று வரும்போது எத்தனை குடும்பங்கள் மகனுக்குச் செய்வதை மகளுக்கும் செய்கின்றன? ‘அவளுக்குப் பக்கத்துலயே நல்ல காலேஜ் கிடைக்கும்’ என்பது அக்கறையாகத்தான் சொல்லப்படுகிறது. விளைவு ஒன்றுதான்.

பழைய வரலாறும் நமக்கு உண்டு. 1933-ல் கமலா சோஹோனி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தபோது, இயக்குநர் சி.வி.ராமன் பெண் என்ற காரணத்தால் மறுத்தார். கமலா விடாமல் நின்று நிபந்தனைகளோடு சேர்ந்தார், 1939-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி, ராமனின் ஆய்வகத்தில் வைரங்கள் குறித்துத் தனியாகக் கட்டுரைகள் வெளியிட்டார். எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே தயாரிக்க வழிவகுத்தவர் அவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களில் படித்த அ.லலிதா, இளம் வயதிலேயே கணவரை இழந்து, கைக்குழந்தையோடு மின்பொறியியல் முடித்தவர். அங்கே பேராசிரியராக இருந்த அவருடைய அப்பா நிர்வாகத்திடம் பேசி இடம் வாங்கினார். அந்த அப்பாவை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. மகளுக்கு இது முடியுமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

‘தேர்வுக்கு முன் ஸ்டீரியோடைப்பை நினைவூட்டினாலே பெண்களின் மார்க் குறையும்’ என்று படித்தேனே?

1990-களில் பிரபலமான கருத்து. பிறகு பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. நெதர்லாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் செய்து 2018-ல் வெளியான ஆய்வில் அந்த விளைவு தெரியவில்லை. அதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம். நல்ல வழக்குக்குப் பலவீனமான சாட்சி தேவையில்லை.

கல்யாணம், குழந்தை, வீட்டு வேலை, இவைதானே பெண்கள் விலகுவதற்கு நிஜக் காரணம்?

அவையும் நிஜம்தான். சில கட்டங்களில் அவையே பெரிய காரணம். குழந்தை பிறந்த பிறகு ஆராய்ச்சியை விடும் பெண்ணிடம் போய் ஸ்டீரியோடைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை, அவளுக்கு வேண்டியது குழந்தைகள் காப்பகமும் வேலையில் பங்கெடுக்கும் கணவரும். ஆனால் பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பது என்று 15 வயதில் முடிவெடுப்பவளுக்குக் குழந்தை இல்லை. அங்கே வேலை செய்வது வேறு.

இது பெண்களை மட்டுமா பாதிக்கிறது?

இல்லை. 2015 ஆய்வில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கும் இதே பாங்கு தெரிந்தது. யாருடைய அறிவைச் சமூகம் காலங்காலமாகச் சந்தேகித்ததோ, அவர்கள் எல்லாருக்கும் ‘மேதைகள் மட்டும்’ என்ற பலகை ஒரே செய்தியைத்தான் சொல்கிறது. நம் ஊரில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளிடம் ‘மெரிட்’ என்ற பேச்சு எப்படிப் போய்ச் சேர்கிறது என்று யோசித்தால் இது புரியும்.

மாற்றிக் காட்டியவர்கள் உண்டா?

உண்டு. கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுக்கும் பெண்கள் பத்து சதவீதத்தைச் சுற்றித்தான் இருந்தார்கள். முதல் பாடத்தைப் பைத்தான் என்ற நிரல் மொழிக்கு மாற்றினார்கள், நடைமுறைச் சிக்கல்களைத் தீர்ப்பதாக அமைத்தார்கள். முக்கியமாக, பள்ளியிலேயே நிரல் எழுதிப் பழகியவர்களுக்குத் தனி வகுப்பு வைத்தார்கள். முன்பே தெரிந்த சிலர் வகுப்பில் வாயடித்துக்கொண்டே இருக்க, புதிதாக வந்தவர்கள் ‘இவர்களெல்லாம் பிறவி மேதைகள்’ என்று மிரண்டு போவது அதோடு நின்றது. மேதைமை என்று தெரிந்தது உண்மையில் இரண்டு மூன்று ஆண்டு முன்பயிற்சி. சில ஆண்டுகளில் பெண்களின் பங்கு 40 சதவீதத்தை எட்டியது. அதற்கு முன்பே கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில், கணினி அறிவியலில் சேரும் பெண்களின் பங்கு 1995-க்கும் 2000-க்கும் இடையில் 7 சதவீதத்திலிருந்து 42 ஆனது. பாடத்தை எளிதாக்கி இது நடக்கவில்லை.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

மகளை ‘நீ ஜீனியஸ்’ என்று புகழத் தொடங்க வேண்டாம், அது அடுத்த தோல்வியில் உடையும். மகனின் மார்க்குக்கும் மகளின் மார்க்குக்கும் ஒரே விளக்கம் சொல்லுங்கள். உழைப்பு என்றால் இருவருக்கும் உழைப்பு. ‘மூளை இருக்கு, படிக்க மாட்டேங்கிறான்’ என்பதை முற்றிலும் விட்டுவிடுங்கள், அது மகனுக்கும் கெடுதல்தான். கடினமான கணக்கில் மகள் மாட்டிக்கொண்டால், ‘விடு, முக்கியமான கேள்வியை மட்டும் படி’ என்று சொல்லாமல் அவளைக் கொஞ்ச நேரம் அதோடு போராட விடுங்கள். எங்கே மாட்டியது என்று கேளுங்கள். உங்களுக்கு விடை தெரிய வேண்டிய அவசியமில்லை.

என் மகள் பி.எஸ்சி. கணிதம் படித்து ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறாள். நல்ல மார்க் வாங்குகிறாள், ஆனால் வேகமாகப் புரிந்துகொள்ளும் ரகம் இல்லை. அந்த அளவு மூளை அவளுக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மரியம் மிர்சாகானி, கணிதத்தின் உயர்ந்த விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-ல் பெற்றார். 1936-ல் தொடங்கிய அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். தெஹ்ரானில் நடுநிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் அவருக்குக் கணக்கு சரியாக வரவில்லை. அவருடைய ஆசிரியைக்கு அவரிடம் திறமை இருப்பதாகத் தோன்றவில்லை, அவருக்கும் ஆர்வம் போய்விட்டது. அடுத்த ஆண்டு வந்த ஆசிரியர் ஊக்கம் கொடுக்க, நிலைமை மாறியது. தன்னை மெதுவாகச் சிந்திப்பவர் என்றுதான் சொல்லிக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் ஒரே கேள்வியோடு இருப்பதுதான் ஆராய்ச்சிக் கணிதம். அதற்கு வேகம் முதல் தகுதி அல்ல.

அவளுக்கு மூளை இருக்கிறதா என்று அளந்து பார்க்கும் வேலையை விடுங்கள். அவள் அந்தக் கணக்கோடு இருக்க விரும்புகிறாளா என்று பாருங்கள். விரும்பினால், சென்னை சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. இருக்கிறது. அதன் நுழைவுத்தேர்வின் பழைய வினாத்தாள்கள் கழகத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். அறிவியல் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான ஐசர் நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. பிளஸ் ஒன் விடுமுறையிலேயே வினாத்தாள்களை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு கேள்விக்கு ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. விண்ணப்பக் கட்டணத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.